ஆர்க்கிட் தொட்டியில் குட்டிப் பூச்சிகள்: மருந்து அடிக்கும் முன் செடியை ஒருமுறை வெளியே எடுங்கள்

நீங்கள் சொன்னது இதுதான்: வீட்டுக்குள் வைத்திருக்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், வாங்கி ஒரு வருடம் ஆகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். ஒரு மாதமாகத் தொட்டியை நகர்த்தினாலே கறுப்பாகக் குட்டிக் கொசு மாதிரி நாலைந்து எழும்பிப் பறக்கிறது, தண்ணீர் ஊற்றினால் மேலே வெள்ளையாக ஏதோ மிதந்து துள்ளுகிறது. கீழ் இலைகள் துவண்டு சுருங்கியதால் தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊற்றினீர்கள். எந்த மருந்து அடிக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

மருந்தைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது பூச்சி இல்லை, அந்தத் துவண்ட இலைதான்.

சரி, முதலில் பூச்சி யார் என்று பார்த்துவிடலாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டு வகை இருக்கிறது. பறக்கிறதே, அதை ஃபங்கஸ் நேட் என்பார்கள். 2, 3 மில்லிமீட்டர் நீளம், மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள், பார்க்கக் கொசுவின் குழந்தை மாதிரி இருக்கும், ஆனால் கடிக்காது. பறப்பதிலும் சோம்பேறி. நேராகப் பறக்காமல் தொட்டியைச் சுற்றியே தடுமாறிக்கொண்டிருக்கும், பாதி நேரம் மரப்பட்டை மேல் ஓடிக்கொண்டிருக்கும். பழ ஈயோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பழ ஈ கொஞ்சம் குண்டாக, பழுப்பாக, பெரும்பாலும் சிவந்த கண்ணோடு இருக்கும், பழக்கூடையைத் தேடிப் போகும். அதனால்தான் வினிகர் கிண்ணம் வைத்தும் ஒன்றும் விழவில்லை என்று பலர் புலம்புகிறார்கள். வினிகர் பழ ஈக்கான தூண்டில், ஃபங்கஸ் நேட்டுக்கு வேண்டியது ஈரமும் பூஞ்சையும்.

துள்ளுகிற வெள்ளைப் பொட்டு ஸ்பிரிங்டெயில். வயிற்றுக்கு அடியில் ஒரு முள்கரண்டி மாதிரி வாலை மடித்து வைத்திருக்கும், பயந்தால் அதை விடுவிக்கும், உடம்பு தெறித்துப் போகும். இறக்கை கிடையாது. விலங்கியல் படித்தவர்கள் இதைப் பூச்சி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆறு கால் இருந்தாலும் தனி வகுப்பு என்பார்கள். நமக்கு முக்கியமானது என்னவென்றால், இது அழுகலையும் பூஞ்சையையும் தின்று வாழ்கிறது, நல்ல வேரைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இதைக் கொல்ல நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். ஆனால் தண்ணீர் ஊற்றும்போது நூறு நூறாக மிதக்கிறது என்றால், அத்தனை பேருக்குச் சாப்பாடு போடும் அளவுக்கு உள்ளே ஏதோ மக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஃபங்கஸ் நேட்டில் தொல்லை கொடுப்பது பறக்கிறது அல்ல, அதன் புழு. பெண் ஈ ஈரமான கலவையின் மேல்பகுதியில் நூறுக்கும் மேல் முட்டை போடும். சில நாளில் கண்ணாடி மாதிரி உடம்பும் பளபளக்கும் கறுப்புத் தலையும் கொண்ட புழு வரும். அது இரண்டு வாரம்போல் தின்னும், கூட்டுப்புழுவாகும், அப்புறம் ஈயாகும். அறை வெப்பத்தில் இந்தச் சுற்று முழுவதும் முடிய மூன்று, நான்கு வாரம். அதன் முதல் விருப்பம் பூஞ்சையும் மக்கிய பட்டையும்தான். ஆனால் கூட்டம் பெருகினால் இளம் வேர்நுனி, ஏற்கெனவே அடிபட்ட வேர் இவற்றையும் கடிக்கும், அந்தக் காயம் வழியாக அழுகல் உள்ளே போகும். நாற்றுகளுக்கு இது பெரிய ஆபத்து. வளர்ந்த, நல்ல வேருள்ள ஆர்க்கிட்டை இந்தப் புழு மட்டும் கொன்றதை நான் பார்த்ததில்லை.

இப்போது இலைக்கு வருகிறேன். தண்ணீர் இல்லாத ஆர்க்கிட்டின் இலையும் துவளும், தண்ணீர் மிஞ்சிய ஆர்க்கிட்டின் இலையும் துவளும், பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காரணம் ஒன்றுதான்: இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. ஒன்றில் ஊற்றவில்லை, இன்னொன்றில் உறிஞ்ச வேர் இல்லை. வேர் அழுகியிருக்கும்போது நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் அது அழுகலுக்குத்தான் போகும், பூச்சிக்குத்தான் போகும். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் செடியை இழக்கிறார்கள், பூச்சியால் இல்லை. துவண்டது கண்ணில் பட்டதும் கை தானாகத் தண்ணீர்க் குவளைக்குப் போய்விடுகிறது.

ஃபெலனாப்சிஸ் மண்ணில் வளரும் செடி இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வேரைக் காற்றில் விட்டு வளர்வது. மழை பெய்தால் நனையும், நின்றால் சீக்கிரம் காயும். அதன் வேருக்கு மேல் வெலமன் என்று பஞ்சு மாதிரி ஓர் உறை உண்டு, பெரும்பாலும் செத்த செல்களால் ஆனது. காய்ந்திருந்தால் அதில் காற்று நிறைந்து வெள்ளிச் சாம்பல் நிறமாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் அந்த இடம் ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும், உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். கண்ணெதிரே நடக்கும், ஒரு வேரை நனைத்துப் பாருங்கள். அந்தப் பஞ்சு நாள்கணக்கில் நனைந்தே கிடந்தால் காற்றுக்கு வழியில்லாமல் வேர் மூச்சுமுட்டிச் சாகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் என்பது அதற்கு நிற்காத மழை.

அதனால் இன்று செய்ய வேண்டியது, செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுப்பது. பூ இருக்கும்போது எடுக்கலாமா என்று தயங்குவீர்கள். வேர் நன்றாக இருந்து பூச்சி மட்டும் என்றால் பூ உதிரும்வரை பொறுக்கலாம். இலை துவண்டிருக்கிறது, பொறுக்க வேண்டாம்.

எடுத்ததும் நடுவில் பாருங்கள். நான் முதன்முதலில் ஏமாந்தது அங்கேதான். எனக்கும் இதே மாதிரி பறந்தது. மேலே பட்டை காய்ந்து மொறுமொறு என்று இருக்கிறது, விரலை விட்டுப் பார்த்தால் ஈரமில்லை, பிறகு எங்கிருந்து வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். மூன்று முறை எதையெதையோ தெளித்தேன். ஒரு நாள் கடுப்பில் செடியைப் பிடுங்கிப் பார்த்தால், சுற்றிலும்தான் மரப்பட்டை, தண்டுக்கு நேர் கீழே முட்டை அளவுக்கு ஒரு பாசி (மாஸ்) உருண்டை, மெல்லிய வலைக்குள் இறுக்கிச் சுற்றியிருந்தது. நாற்றுப் பண்ணையில் சின்னச் செடியாக இருந்தபோது வைத்தது, அப்படியே பெரிய தொட்டிக்கு மாற்றி விற்றிருக்கிறார்கள். பிழிந்தேன். பழுப்பாகத் தண்ணீர் சொட்டியது, நாற்றம் வேறு. நான் தண்ணீர் ஊற்றி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பிரித்துப் பார்த்தால் கறுப்புத் தலையோடு புழுக்கள் நெளிகின்றன, உருண்டைக்குள் இருந்த வேர் எல்லாம் கூழ். வெளியே பட்டைக்குள் ஓடியிருந்த இரண்டு வேர் மட்டும் பச்சையாக உயிரோடு இருந்தது. உங்கள் தொட்டியிலும் அந்த உருண்டை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருந்தால் அதை முழுதாக, வலையோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். வேரில் ஒட்டிக்கொண்ட கடைசி இழைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பொறுமையாகப் பிரியுங்கள், இழுத்துப் பிய்க்க வேண்டாம்.

பிறகு வேரை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும், பச்சையோ வெள்ளையோ, உள்ளே வெளிச்சம் படாத வேர் மஞ்சளாகக்கூட இருக்கலாம், நிறத்தை நம்பாதீர்கள், கெட்டியை நம்புங்கள். அழுகியது அழுத்தினால் அமுங்கும், தண்ணீர் விடும், உறை கழன்று உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சும். காய்ந்து செத்தது காகிதக் குழல் மாதிரி உள்ளீடற்று இருக்கும். செத்ததை எல்லாம் வெட்டுங்கள். கத்தரிக்கோலை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துடைத்தோ தீயில் காட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள், இன்னொரு செடிக்குப் போகும்போது மறுபடியும். வெட்டின இடத்தில் பட்டைத்தூள் தூவச் சொல்வார்கள், அதாவது சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டை. வெட்டுவாயில் மட்டும் ஒரு சிட்டிகை என்றால் சரி. வேர் முழுக்கத் தூவிவிடாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி நல்ல வேரையும் காயவைத்துவிடும். நான் தூவுவதே இல்லை, ஒரு நாள் காற்றாட வைத்தால் வெட்டுவாய் தானாகக் காய்ந்துவிடுகிறது.

வேரைக் கழுவும்போதே ஒன்றைக் கவனியுங்கள். வேரோடு ஒட்டிக்கொண்டு வெள்ளைப் பஞ்சுத் திட்டாக, துள்ளாமல், நகராமல் ஏதாவது இருந்தால் அது ஸ்பிரிங்டெயில் இல்லை, வேர் மாவுப்பூச்சி. அது சாறு உறிஞ்சுவது, வேறு கதை. அப்போது வேரை நன்றாக அலசி, பழைய கலவையில் ஒரு துண்டுகூட விடாமல் தூக்கிப் போட்டு, தொட்டியையும் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும். தொட்டியைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்றாலும் மாவுப்பூச்சியையோ செதில் பூச்சியையோ தேடுங்கள், எறும்பு அவற்றின் இனிப்புக் கழிவுக்காக வருவது. பூவிலும் இலையிலும் வெள்ளிக் கீறல் மாதிரி தழும்பு இருந்தால் இலைப்பேன். இவை மூன்றுக்கும் தண்ணீர் அதிகமானதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, கீழே சொல்வது இவற்றுக்குப் பொருந்தாது.

புதுக் கலவை: ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள மரப்பட்டைத் துண்டு, கொஞ்சம் கரித்துண்டு. தேங்காய் மட்டைத் துண்டும் போடலாம், உப்புப் போக இரண்டு மூன்று தடவை ஊறவைத்துக் கொட்டிவிட்டு. மண்ணோ, தூளோ வேண்டவே வேண்டாம். புதுப் பட்டையை முதல் நாள் இரவே தண்ணீரில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீரை எல்லாம் வழுக்கி விட்டுவிடும். பழைய பட்டை எப்படி இருக்கிறது என்று கையில் எடுத்துப் பாருங்கள்: நசுக்கினால் ஈர ரொட்டி மாதிரி மாவாகிறதா, அந்தக் கலவைக்கு ஆயுள் முடிந்தது. இரண்டு வருடத்துக்குள் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், விடாமல் நனைந்தால் இன்னும் முன்னாலேயே. தொட்டி, மிஞ்சியிருக்கும் வேர் அடங்கும் அளவுக்கு இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வைத்தால் நடுவில் காயாமல் கிடக்கும், பூச்சி திரும்ப வரும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் வேரின் நிறத்தை வெளியிலிருந்தே பார்க்கலாம். அதை வைத்திருக்கும் அழகுத் தொட்டியின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று தயவுசெய்து இப்போதே பாருங்கள், பல வீடுகளில் நிற்கிறது.

வேர் நிறைய வெட்டியிருந்தால் நட்ட பிறகு மூன்று, நான்கு நாள் தண்ணீர் வேண்டாம். அதன் பிறகும் கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். ஒரு மூங்கில் குச்சியைக் கலவைக்குள் நடுவரை செருகி விட்டுவிடுங்கள், வேண்டும்போது உருவிப் பார்த்தால் ஈரமா காய்ந்ததா என்று அதுவே சொல்லும். அல்லது தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், நனைந்த எடையும் காய்ந்த எடையும் இரண்டு மூன்று முறையிலேயே கைக்குப் பழகிவிடும். வேர் வெள்ளியாக, தொட்டி லேசாக இருந்தால் காலையில் நன்றாக நனையும்படி ஊற்றி முழுக்க வடியவிடுங்கள். தினம் ஒரு கரண்டி ஊற்றுவது மோசமான பழக்கம், மேல்தட்டு எப்போதும் ஈரமாக இருக்கும். ஃபங்கஸ் நேட் முட்டை போடுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

தொட்டி மாற்றியதிலேயே முட்டையும் புழுவும் பெரும்பாலும் போய்விடும். மிஞ்சுவது அறையில் பறக்கும் ஈ. அதற்கு மஞ்சள் ஒட்டும் அட்டை. ஆள் உயரத்தில் தொங்கவிடாதீர்கள், அது அவ்வளவு மேலே பறக்காது. தீப்பெட்டி அளவுக்கு வெட்டித் தொட்டியின் விளிம்பை ஒட்டி, கலவைக்கு இரண்டு விரல் மேலே வையுங்கள். அட்டை மட்டும் வைத்துவிட்டு வேறு எதுவும் செய்யாதவர்கள் அட்டையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், புழு உள்ளே தின்றுகொண்டே இருக்கும்.

இப்போது நீங்கள் கேட்ட மருந்து. உண்மையிலேயே புழுவைக் கொல்வதில் எனக்கு நம்பிக்கை உள்ளது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக பி.டி.ஐ. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்த பாக்டீரியா, கொசுப்புழுவை ஒழிக்கப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். ஃபங்கஸ் நேட்டும் கொசுவும் ஈ வரிசையில் உறவினர்கள் என்பதால் இதற்கும் கேட்கும். புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும், பறக்கும் ஈக்கு ஒன்றும் ஆகாது, அதனால் அடித்த மறுநாளே பறக்கிறதே என்று கோபப்பட வேண்டாம். வாங்கும்போது பெயரின் கடைசிச் சொல்லைப் படியுங்கள். குர்ஸ்டாக்கி என்று இருந்தால் அது இலை தின்னும் கம்பளிப்புழுக்களுக்கானது, இதற்குப் பிரயோசனமில்லை. மரப்பட்டையில் ஊற்றினால் நிற்காமல் ஓடிவிடும், ஆகவே உறையில் சொன்ன அளவில் கரைத்த தண்ணீரில் தொட்டியை இருபது நிமிடம் வைத்து எடுங்கள். தனியாகச் செய்ய வேண்டாம், வழக்கமாக நனைக்கும் முறை வரும்போது அந்தத் தண்ணீரிலேயே செய்யுங்கள், மூன்று நான்கு முறை. பூச்சிக்கு மருந்து போடுகிறேன் என்று கூடுதலாக நனைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புழுவைத் தேடிப் போய்க் கொல்லும் நூற்புழு, ஸ்டைனர்னிமா ஃபெல்டியே என்று விற்பது, அதுவும் நன்றாக வேலை செய்யும். ஆனால் உயிருள்ள சரக்கு, வாங்கினால் உடனே பயன்படுத்த வேண்டும், ஒரு தொட்டிக்கு அது ஆடம்பரம்.

ஹைட்ரஜன் பெராக்சைடைப் பலரும் சொல்வார்கள், 3 சதவீதக் கரைசலில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். நுரைக்கும், தொட்ட புழு சாகும், கொஞ்ச நேரத்திலேயே வீரியம் போய்விடும். நல்ல நுண்ணுயிரும் அதோடு போகும், வேர்நுனியும் எரியலாம். எனக்குப் பிடிக்காது. வேப்பெண்ணெய் இலை மேல் உள்ள பூச்சிக்குச் சரி, வெலமன் மேல் எண்ணெய் படிவதில் எனக்கு உடன்பாடில்லை. மேலே மணல் பரப்பினால் ஈ முட்டை போட முடியாது என்பது மண்தொட்டிக்கான யோசனை, ஆர்க்கிட்டில் மணல் பட்டைகளின் இடைவெளியில் இறங்கிக் காற்றை அடைத்துவிடும். கொசு விரட்டும் ஸ்பிரேயைப் பூ மொட்டு மேல் அடித்து மொட்டு முழுவதும் கொட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் செய்தும் பறந்துகொண்டே இருந்தால் ஆர்க்கிட்டை விட்டுவிட்டுப் பக்கத்துத் தொட்டிகளைப் பாருங்கள். அதே சன்னலில் மண்ணில் நட்ட செடி ஏதாவது இருக்கிறதா? ஃபங்கஸ் நேட் அங்கே பிறந்து இங்கே உட்கார வரலாம். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: உருளைக்கிழங்கைத் தடிமனாக வெட்டி ஒவ்வொரு தொட்டியிலும் வெட்டிய பக்கம் கீழே படும்படி வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். எந்தத் துண்டின் அடியில் கறுப்புத் தலைப் புழு கூடியிருக்கிறதோ அந்தத் தொட்டிதான் பிறந்த வீடு. பார்த்ததும் துண்டைப் புழுவோடு தூக்கிப் போட்டுவிடுங்கள், மறந்து விட்டால் அதுவே அழுகிப் புதுக் கூட்டத்தை வளர்க்கும்.

இன்னொன்று, செடியில் பூத்தண்டு இருந்து, வெட்டிய பிறகு மூன்று வேருக்கும் குறைவாக மிஞ்சினால் பூத்தண்டையும் வெட்டிவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். தண்ணீர் ஊற்றிய குவளையில் வைத்தால் சில நாளாவது மேசையில் நிற்கும். துவண்ட பழைய இலை மறுபடி நிமிரும் என்று காத்திருக்காதீர்கள், அநேகமாக நிமிராது. புது வேர்நுனி ஒன்று தண்டிலிருந்து பச்சையாக எட்டிப் பார்க்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்கு ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதுவரை உரமும் வேண்டாம்.